ஐம்பது நிமிஷத் தூரம்

என் கணவருடைய இன்சுலின் குப்பிகள் மிச்சீனாவில் பதினொரு நாள் இருந்தன. அவர் அதற்கும் வடக்கே, பர்மாவின் நுனியில் பனிமலைக்குக் கீழே இருக்கும் பூத்தாவோவில் இருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவில் விமானத்தில் ஐம்பது நிமிஷம். மழைக்காலத்தில் அதை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரு மண் பாதை உண்டு. மழையில் அது சேறாகிவிடும். மழை விட்டாலும், அதில் எந்த வளைவில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாங்கோனில் எங்கள் வீடு இருக்கும் தாமுவேயிலிருந்து ஷ்வேப்யிதாவில் இருக்கும் துணி ஆலைக்கு நான் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸே ஒன்றரை மணி நேரம் எடுக்கும். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த நாட்களில் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐம்பது நிமிஷம் ஆகும்போது பஸ் பெரும்பாலும் ஏதாவது ஒரு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருக்கும். இந்நேரம் மருந்து அவர் கையில் இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். வீட்டுப் பெட்டிகளில் தொடங்கி, கடைசியில் தடுப்பூசி மருந்து வைக்கும் பெட்டிகளில் வந்து நின்றார். சூரிய வெளிச்சத்தில் ஓடும் பெட்டிகள் வந்த பிறகு, கரண்ட் இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். பூத்தாவோவில் ஒரு சின்ன மருத்துவமனையில் அப்படிப்பட்ட பெட்டி ஒன்று நின்றுவிட்டது. எட்டு நாள் வேலை, போய்விட்டு வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். குழந்தைகளுக்குப் போட ஊசி மருந்து இல்லாமல் இருக்கிறார்கள் என்றார்.

அவருக்குப் பதினாறு வயதில் வந்த சர்க்கரை வியாதி. பெண் பார்க்க வந்த அன்றே, பெரியவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, காலையும் சாயங்காலமும் ஊசி போடாவிட்டால் நான் பிழைக்க மாட்டேன், இதை மறைத்துக் கல்யாணம் செய்துகொள்ள இஷ்டமில்லை என்று என்னிடம் நேராகச் சொன்னவர். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் சம்மதித்தேன்.

ஊசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பெரிய புயல் அடித்த வருஷம். எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. மரங்கள் விழுந்து தெரு அடைபட்டு, கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. வீட்டில் இருந்த குப்பி தண்ணீரில் போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் மூச்சில் அழுகின பழத்தின் வாசனை வந்தது. நான்காம் நாள் என்னைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று மரியாதையாகக் கேட்டார். அன்று தெருக்காரர்கள் ஒரு கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தார். அந்த வாசனை மட்டும் என் மூக்கை விட்டுப் போகவே இல்லை. இப்போதும் பழக்கடைப் பக்கம் போனால் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

அதனால் எட்டு நாளுக்கு நான் மூன்று குப்பி கட்டிக் கொடுத்தேன். ஒரு குப்பி பத்து நாள் வரும்.

போய்ச் சேர்ந்தார். பெட்டியைச் சரிசெய்தார். எட்டாம் நாள் விமானம் வரவில்லை. மேகம் இறங்கிவிட்டது என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. இந்தத் தடவை மேகம் மட்டும் காரணமில்லை, மிச்சீனா பக்கம் சண்டை என்றார்கள். அவர் தங்கியிருந்த வீட்டில் போன் எடுக்காது. விமானத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் கேட்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அந்த மேட்டிலிருந்து கூப்பிடுவார். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வரும்.

இரண்டாம் வாரம் கூப்பிட்டபோது, ஒரு குப்பி சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்துவிட்டது என்றார். மீதி ஒரு குப்பிதான் இருந்தது. பயத்தில் கோபம்தான் முதலில் வந்தது. குப்பியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கூடத் தெரியாதா என்று கத்திவிட்டேன். அவர், பாதி அளவு போட்டுக்கொள்கிறேன், சோற்றைக் குறைத்துக்கொள்கிறேன், சமாளித்துவிடலாம் என்றார். அங்கே மருந்துக்கடை இருக்குமே என்று கேட்டேன். இருக்கிறது, அலமாரி காலி, பாதை அடைத்த பிறகு சரக்கு எதுவும் வரவில்லை என்றார்.

அன்று எங்கள் மகள் போனில் வரைபடத்தைத் திறந்து மிச்சீனாவிலிருந்து பூத்தாவோவுக்கு ஒரு கோடு இழுத்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவதெல்லாம் பர்மியம்தான். இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்றாள். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. இங்கிருந்து டவுங்குவுக்குப் போகிற தூரம்தான் என்று அவளே சொன்னாள். டவுங்குவில் என் சின்னம்மா இருக்கிறாள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் இருப்பேன். அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இடத்துக்கு ஒரு குப்பி மருந்தைக் கொண்டுபோக முடியாது என்பதை என் மனம் ஏற்கவே இல்லை.

மூன்றாம் வாரக் கடைசியில், மிச்சீனா வரைக்கும் விமானம் போகிறது, அங்கிருந்து பூத்தாவோவுக்கும் மறுநாள் போகும் என்று டிக்கெட் கடையில் சொன்னார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. நான்கு குப்பிகளைத் துணியில் சுற்றி, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு விடியற்காலை விமான நிலையத்துக்குப் போனேன். யாராவது கொண்டுபோவார்கள் என்று நம்பினேன்.

வாசலில் சிப்பாய்கள் பைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே மருந்து கொண்டுபோகிறவர்களைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அது காட்டில் ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்குப் போகிற மருந்து என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நான் கேட்ட முதல் ஆள் பிளாஸ்க்கைப் பார்த்ததுமே நகர்ந்துவிட்டார். இரண்டாவது ஒரு வியாபாரி. மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். மூன்றாவது ஒரு கணவன் மனைவி. மனைவி என் கையைப் பிடித்தாள், கணவன் அவளை இழுத்துக்கொண்டு போனான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

நான்காவதாக ஒரு பெண். முப்பது வயது இருக்கும். பூத்தாவோவில் பள்ளிக்கூட வாத்தியார். கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஊருக்குத் திரும்புகிறாள், ஒரு கண்ணில் இன்னும் கட்டு இருந்தது. நான் பர்மியத்தில் சொல்லச் சொல்ல, மற்றக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த டாக்டர் சீட்டை வாங்கி, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பர்மியத்தில் அக்காவை ‘அமா’ என்பார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாள்.

“இது வேற பேர்ல இருக்கு அமா. எங்கிட்ட இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க. கேட்டா, எனக்குத்தான் சக்கர வியாதின்னு சொல்லிக்கிறேன்.”

“ஊசி போட்டுக் காட்டச் சொன்னா என்ன பண்ணுவ?” என்று கேட்டேன்.

“போட்டுக்குவேன். எவ்வளவு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக் குடுங்க.”

நான் சொல்லிக் கொடுத்தேன். ஐஸ் நேராகக் குப்பியில் படக்கூடாது, உறைந்துபோனால் மருந்து வீண் என்றும் சொன்னேன். அவள் பிளாஸ்க்கைத் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். சிப்பாய் பையைத் திறந்தான். பிளாஸ்க்கை வெளியே எடுத்தான். என்னவோ கேட்டான். அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனால் ஓடிவிட வேண்டும் என்று என் கால்கள் தயாராக இருந்தன. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மத்தியானம் மிச்சீனாவில் இறங்கிவிட்டதாகக் கூப்பிட்டாள். மறுநாள் பூத்தாவோ விமானம் ரத்து. அதற்கு மறுநாளும் ரத்து.

அங்கே ஒரு விடுதியில் தங்கினாள். விடுதிக் குளிர்பெட்டியில் குப்பிகளை வைத்தாள். கரண்ட் நாளுக்கு நான்கு மணி நேரம்கூட வராது. சந்தையில் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றி, காலையும் மாலையும் மாற்றினாள். தினமும் ஒரு தடவை பேசுவோம். மருந்து சில்லென்று இருக்கிறது என்று முதலில் அதைத்தான் சொல்வாள். குண்டுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டால், கேட்கிறது, ஆனால் தூரத்தில்தான் என்பாள்.

ஆறாம் நாள் அவள் போன் எடுக்கவில்லை. காலை பஸ்ஸிலிருந்து கூப்பிட்டேன். ஆலையில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். நான் அன்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு கழிப்பறையில் போய்க் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ, என் பெயரைச் சொல்லியிருப்பாளோ, வீட்டுக்கு வருவார்களோ, மகள் தனியாக இருக்கிறாளே என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. கூடவே, அவள் மருந்தை எறிந்துவிட்டு எங்காவது போயிருந்தால் என்றும் நினைத்தேன். எனக்காக உயிரைப் பணயம் வைத்தவளை அப்படி நினைத்தேன். அன்று முழுவதும் என் கையில் வந்த சட்டைகளில் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். குண்டு ஊருக்குள் விழுந்துவிட்டதாம். கோயில் கட்டடத்துக்குக் கீழே எல்லாரும் ஒளிந்திருந்தார்களாம்.

“மருந்து?” என்று கேட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“மடியிலதான் வச்சிருந்தேன் அமா” என்றாள்.

எட்டாம் நாள் அவர் மேட்டிலிருந்து பேசினார். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி. குப்பி முடியப்போகிறது, ஒருவேளைக்குத்தான் இருக்கும் என்றார். மருந்து மிச்சீனாவில் இருக்கிறது, நாளையோ மறுநாளோ வந்துவிடும் என்று சொன்னேன். ஆகட்டும் என்றார். பிறகு மகளுடைய பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அதை எதற்கு இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் நிறுத்தவில்லை. எனக்குப் புயல் வருஷம் ஞாபகம் வந்தது.

“ஏங்க, இன்னைக்கு என்ன கெழம?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

“செவ்வாய்” என்றார்.

அன்று சனிக்கிழமை. நான் சரி என்றேன். உடனே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த மேட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, “பேபே என்ன சொன்னாரு?” என்று அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கிறார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை, நான் பஸ்ஸில் இருக்கும்போது வாத்தியார் கூப்பிட்டாள். விமானத்தில் ஏறிவிட்டேன் அமா, கதவை மூடுகிறார்கள் என்றாள். மணி ஏழு இருபது. எட்டுப் பத்துக்கு இறங்கிவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டுப் பத்தானது. எட்டரை. ஒன்பது மணிக்கு ஆலைக்குள் போக வேண்டும், நான் வாசலிலேயே நின்றேன். விமானம் மலையில் மோதியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்தப் பெண்ணை நான்தான் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. அவள் எப்படியும் அந்த விமானத்தில்தான் ஊருக்குப் போயிருப்பாள் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. மேற்பார்வையாளர் வந்து உள்ளே வரப்போகிறாயா இல்லையா என்று கேட்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் போன் வந்தது. மிச்சீனாவிலிருந்துதான். விமானம் பூத்தாவோவுக்கு மேலே போய், இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து, எண்ணெய் குறைந்ததும் திரும்பிவிட்டதாம். ஒரு தடவை மேகம் விலகியபோது ஆற்றையும் தன் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையையும் பார்த்ததாகச் சொன்னாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது அமா என்றாள். முதல் தடவையாக அன்றுதான் அவள் அழுதாள்.

மறுநாள் மறுபடியும் விமானம் புறப்பட்டது. இந்தத் தடவை நான் வேலைக்குப் போகவில்லை. மகளும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். இறங்கினதாகவும் செய்தி இல்லை, திரும்பினதாகவும் இல்லை. டிக்கெட் கடைக்கு மகள் ஓடினாள். விமானம் பூத்தாவோவில் இறங்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு மிச்சீனாவுக்கே திரும்பியும் விட்டது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் அவரிடமிருந்தும் வாத்தியாரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஊரில் போன் கோபுரமே நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் நான் அடுப்பு மூட்டவில்லை. மகள் கடையில் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிவந்து வைப்பாள், ஆறிப்போகும். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று அவள்தான் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாத்தியாரின் குரல் கேட்டது. மூச்சு வாங்கியது. மேட்டில் ஏறி நின்றிருக்கிறாள்.

“இருக்காரு அமா. கண்ண முழிச்சிட்டாரு. உங்க பேரச் சொன்னாரு.”

மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷம் உடனே வரவில்லை.

நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விமானத்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், மழையில் நேராக மருத்துவமனைக்கு நடந்திருக்கிறாள். அவர் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். ஆனால் மருந்து அடியோடு இல்லாமல் கிடக்கவில்லை. அந்த ஊர் ராணுவ முகாமில் இருக்கும் ஒரு சார்ஜெண்டின் மனைவி, தன்னிடம் மிச்சமிருந்த இன்சுலினில் பாதியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மூன்று நாள் அதைத்தான் சொட்டுச் சொட்டாகப் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால், வாத்தியார் வந்தபோது அவர் இருந்திருக்க மாட்டார்.

யாரென்றே தெரியாத ஒரு சிப்பாயின் மனைவி எதற்குத் தன் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. விமான நிலையத்தில் பையைப் பிரித்தவனின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் இன்னும் மூன்று வாரம் கழித்து யாங்கோன் வந்து இறங்கினார். மகள் அவரைத் தாண்டிப் போய் வேறு யாரையோ தேடினாள். அவ்வளவு இளைத்திருந்தார். இடது காலில் கட்டு. புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், சாப்பிட்டு முடித்ததும் அவராகவே சொன்னார்.

“அந்தக் குப்பி ஒடையல.”

நான் தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றேன். போன முதல் வாரமே அந்த சார்ஜெண்டின் மனைவி மருத்துவமனையில் மருந்து கேட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். அவளுடைய மருந்து முடிந்து இரண்டு நாள். மூச்சில் அந்த வாசனை வந்துவிட்டதாம். எப்படியும் எட்டாம் நாள் திரும்பிவிடுவோம் என்று நினைத்து, ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் சொன்னால் பயப்படுவேன் என்று உடைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவள் கொண்டுவந்து கொடுத்தது, அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் குப்பியில் அவள் மிச்சம் பிடித்ததில் பாதிதான்.

நான் அவரைத் திட்டவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவினேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவர் கொடுத்தது சரியா தவறா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் நானும் மகளும் அந்தப் பதினொரு நாளை அப்படி அனுபவித்திருக்க மாட்டோம். ஆனால் அந்த சார்ஜெண்டின் மனைவி செத்திருப்பாள்.

வாத்தியார் எப்போதாவது கூப்பிடுவாள். கண் சரியாகிவிட்டது. ஒரு தடவை கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய், யாரென்றே தெரியாத எங்களுக்காக என்று. விமான நிலையத்தில் நீங்கள் என்னிடம் கேட்டீர்களே அமா, அதனால்தான் என்றாள்.

இப்போது அவர் தூரத்து வேலைகளுக்குப் போவதில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியவில்லை. போன மாதம் டாலாவில் ஒரு மீன்காரருடைய குளிர்பெட்டி ஓடவில்லை என்று ஆள் வந்தது. டாலா ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், படகில் கால்மணி நேரம்கூட ஆகாது. அவர் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை இழுத்தபடி வாசலுக்குப் போனார். ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவர் போகாமல் இருந்துவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும்.

நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. படகில் ஜனங்களுக்கு நடுவில் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். அவர், அங்கே சந்தையில் நல்ல மீன் கிடைக்கும், வாங்கிக்கொண்டு வரலாம் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டே, அக்கரை வரும்வரைக்கும் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.